பட்டியலில் இல்லாத இரும்பு

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணா,

நான் இங்கே குத்துக்கல் மாதிரி நன்றாகவே இருக்கிறேன். காது மட்டும் முழுசாகக் கடையைச் சாத்திவிட்டது. இருபத்தாறு வருடம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றால் வேறென்ன ஆகும்? மில்லில் போன் அடித்தால் தெரிவதற்காக ஒரு சிவப்பு பல்பு மாட்டியிருக்கிறேன். அது எரிந்தால் யாராவது ஓடிப்போய் எடுக்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியதைப் பலகையில் சாக்பீஸால் எழுதிக் காட்டுகிறார்கள். ஆகவே போனில் என்னோடு சண்டை போடும் வசதி உங்களுக்கு இனி இல்லை, கடிதம்தான். அண்ணி எப்படி இருக்கிறார்? வலது கை கொஞ்சமாவது அசைகிறதா?

உங்கள் கார்டு வந்தது. மொத்தமே நாலு வரி. வாசல் மரம் பட்டுவிட்டது, நகராட்சிக்காரர்கள் பார்த்துவிட்டு வெட்டச் சொல்லிவிட்டார்கள், வருத்தப்படாதே என்று. வருத்தப்படாமல் என்ன செய்வேன்? நான் பிறந்த வருடம் அப்பா வைத்தது. எனக்கும் அதற்கும் ஐம்பத்து நாலு வயது. தெரு முழுக்கத் தூங்குமூஞ்சி மரங்கள் தழைத்து நிற்கும்போது நம் வாசலில் இருப்பது மட்டும் ஒரே வருடத்தில் எப்படி அண்ணா பட்டுப்போகும்?

போன வருடம் அதை வெட்ட என் கையெழுத்துக் கேட்டீர்கள். வீட்டில் எனக்கும் பங்கு இருப்பதால் உயிரோடு இருக்கும் மரத்தை நான் சம்மதிக்காமல் வெட்ட முடியாது. "அந்த மரத்தில் கை வைத்தால் என் மேல் கை வைத்த மாதிரி" என்று எழுதினேன். இப்போது அது தானாகவே செத்துவிட்டதால் யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை. சரி, வெட்டட்டும். விறகுக்காரனுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அடிமரத்தைப் பதினாறு அடிக்கு முழுசாக எனக்கு அனுப்புங்கள். இங்கே புது நூலகத்துக்கு ஒரே பலகையில் நீள மேஜை கேட்கிறார்கள். அது அந்த மேஜையாக இருக்கட்டும்.

அண்ணியின் தலையை என் சார்பில் ஒரு தடவை தடவிக் கொடுங்கள்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

காலை ஆறு இருபதுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் அண்ணி இன்னும் எழவில்லை. வலது பக்கம் அப்படியேதான் இருக்கிறது. இடது கையால் ஸ்பூன் பிடிக்கிறாள். பேச்சு இழுத்து இழுத்து வருகிறது, ஆனால் என்னைத் திட்டுகிற வார்த்தைகள் மட்டும் பிசகில்லாமல் வருகின்றன. எனக்கு வழக்கமான முதுகுவலி. கடைக்கு இரண்டு மணி நேரம் போய் வருகிறேன், மற்ற கடிகாரங்களை வீட்டுக்கே கொண்டுவந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பழுது பார்க்கிறேன்.

மரத்தை நேற்று முன்தினம் சாய்த்துவிட்டார்கள். அடிமரம் வாசலில் கிடக்கிறது. நீ ஆசைப்படுவது புரிகிறது. ஆனால் உள்ளே பொத்தலாக இருக்கும் என்று விறகுக்காரர் சொல்கிறார். அவ்வளவு தூரம் லாரியில் ஏற்றி அனுப்பி, அங்கே அறுத்துப் பார்த்து, தூள்தான் மிச்சம் என்றால் உனக்கு இன்னும் கஷ்டம். அடுத்த புதன்கிழமை அவர் துண்டு போட்டு எடுத்துக்கொள்வார். நூலகத்துக்கு வேறு நல்ல மரம் கிடைக்காமலா போகும்?

உடம்பைப் பார்த்துக்கொள். காதுக்குப் பஞ்சாவது வைத்துக்கொள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணா,

இதைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுக்கிறவன் எட்டு. வாசலில் நிற்பது என் லாரி. விறகுக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். பொத்தலா இல்லையா என்பதை நான் தட்டிப் பார்த்துச் சொல்கிறேன். உங்களுக்குக் கடிகாரத்தைத் திறந்தால் தெரியும், எனக்கு மரத்தைத் தட்டினால் தெரியும்.

இப்போது விளையாட்டில்லாமல் ஒன்று சொல்கிறேன். எந்த மில்லும் தெருமரத்தைத் தொடாது. காட்டுமரத்துக்குள் மரம்தான் இருக்கும். ஊருக்குள் வளர்ந்த மரத்துக்குள் ஊரே இருக்கும். ஆணி, கொக்கி, கம்பி, பூட்டு எல்லாவற்றையும் மரம் விழுங்கி மேலே பட்டை போட்டு மூடிவிடும். வேகமாக ஓடுகிற ரம்ப நாடா அதில் இடித்தால் அறுந்து துண்டு துண்டாகப் பறக்கும். எட்டின் கையைப் பாருங்கள். பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு பள்ளிக்கூடத்து மரம் வந்தது. உள்ளே மணி கட்டித் தொங்கவிட்ட கொக்கி இருந்தது. கொடுத்தவருக்குத் தெரியும், சொன்னால் நாங்கள் மரத்தை வாங்க மாட்டோம் என்று வாயைத் திறக்கவில்லை. அன்றோடு இவன் விரல் எட்டாகிவிட்டது. பேரும் அதுவே ஆகிவிட்டது. அவனே வைத்துக்கொண்ட பேர், நாங்கள் வைக்கவில்லை.

அதனால் ஐம்பத்து நாலு வருடத்தில் அந்த மரத்தில் யார் எதை அடித்தார்கள், எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுங்கள். ஒன்று விடாமல். எட்டு திரும்பி வரும்போது அந்தப் பட்டியல் அவன் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு. அவரிடமும் கேளுங்கள், பெண்களுக்குத்தான் துணிக்கொடி எங்கே கட்டினோம் என்று ஞாபகம் இருக்கும்.

தங்கை


பிப்ரவரி 20

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமாய் இருப்பதை எட்டு சொல்லக் கேட்டுச் சந்தோஷம். நல்ல மனிதர். டீ கொடுத்தேன். அந்தக் கையில் இருக்கிற மூன்று விரலால் கிளாஸைப் பிடித்துக் குடித்தார். எனக்குப் பார்க்க முடியவில்லை.

பட்டியல் இதோ. தெருப்பக்கம், ஆறடி உயரம், வீட்டு எண் பலகைக்கு அடித்த ஆணி மூன்று. கேட் பக்கம், ஐந்தரை அடி, துணிக்கொடிக் கொக்கி ஒன்று. அதே பக்கம், ஒன்பதடி, தெருவிளக்கு வருவதற்கு முன் பல்பு தொங்கவிட்ட இரும்புக்கட்டு. நீ சின்ன வயதில் ஏறுவதற்கு அடித்த முளைகள் மூன்று, அதில் ஒன்றை அப்பா பிடுங்கிவிட்டார், ஆக இரண்டு.

அவ்வளவுதான். உன் அண்ணியிடமும் கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். களைப்பாக இருந்திருக்கும்.

ஜாக்கிரதையாக அறு. முடிந்தால் அறுக்காதே.

உன் அண்ணன்


மார்ச் 10

அன்புள்ள அண்ணா,

நலம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அண்ணிக்கு ஃபேன் போதுமானதாக இருக்கிறதா?

மரம் பொத்தலே இல்லை. தட்டினால் உள்ளங்கையில் நன்றாக அதிர்கிறது. உங்கள் விறகுக்காரர் மரத்தைப் பார்த்துச் சொன்னாரா, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா?

தண்ணீர்க்குழாய் தேடுகிறவரிடம் இரும்பு இருந்தால் முள் ஆடுகிற கருவி ஒன்று உண்டு. அதை இரவல் வாங்கி மரம் முழுக்கத் தேய்த்துப் பார்த்தோம். நாலு விரல் ஆழம் வரைக்கும்தான் அதற்குக் கண். பட்டியலில் நீங்கள் எழுதிய ஏழும் சொன்ன இடத்திலேயே இருந்தன. அளவு கூடப் பிசகவில்லை. ஆனால் ஜன்னல் பக்கம், தோள் உயரத்தில், ஏறக்குறைய கைப்பிடி இடைவெளியில் கோணல்மாணல் வரிசையாக ஒன்பது ஆணிகள். சுவரில் அடிக்கிற கெட்டி ஆணி. தலை வரைக்கும் இறக்கியிருக்கிறது, மேலே நாலைந்து வருட மரம் வளர்ந்து மூடியிருக்கிறது. இது உங்கள் பட்டியலில் இல்லை. எதையும் மாட்டுவதற்கு யாரும் ஒன்பது ஆணி அடிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. அடியில் வெட்டிய முகத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தேன். ஓரமாகச் சுற்றிலும் ஆறு கருந்திட்டுகள். நோய் இப்படி வராது, பூச்சியும் இப்படித் தின்னாது. இது என்ன?

ஒன்பதைப் பற்றியும் ஆறைப் பற்றியும் எழுதுங்கள். அதுவரை அறுக்க மாட்டேன். எட்டு உங்களை விசாரித்தான்.

தங்கை


ஏப்ரல் 28

அன்புள்ள தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உன் அண்ணிக்கு நடுவில் காய்ச்சல், பிறகு எனக்கு. இப்போது இருவரும் தேறிவிட்டோம்.

ஒன்பது ஆணியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. நீ நம்ப மாட்டாய். சத்தியமாகத் தெரியாது. நான் அடித்திருந்தால் ஒரே கோட்டில், ஒரே அளவில் அடித்திருப்பேன் என்பது உனக்கே தெரியும்.

வீட்டைப் பற்றி எழுதவே இல்லை. வேர் கிளப்பிய முன்னறைத் தரையைக் கொத்தி மட்டம் செய்தாகிவிட்டது. மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கதவு முழுசாகத் திறக்கிறது. போன வாரம் சக்கர நாற்காலியில் அவளை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். வெயில் முகத்தில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெரிய கிளை கூரைக்கு நேர் மேலே இருந்த காலத்தில் காற்று அடித்தாலே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். நகக்குறி இருக்கும். அதெல்லாம் இப்போது இல்லை. உனக்கு இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

மழைக்கு முன்னால் மில் கூரையைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


மே 9

அண்ணா,

நலம்தான். அண்ணிக்கு வெயில் பட்டதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன், அது நிஜம்.

ஆனால் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒன்பதுக்குப் பதில் இருக்கிறது. ஆறுக்கு இல்லை.

மழை வந்தால் மரத்தின் முனை வெடித்துவிடும். நூலகத்துக்காரர்கள் வாரா வாரம் வந்து நிற்கிறார்கள். ஜூன் 2, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு அறுக்கிறேன். ரம்பத்துக்கு நேராக நானேதான் நிற்பேன், வேறு யாரையும் விட மாட்டேன். உங்கள் பட்டியலை நம்பித்தான் நிற்கிறேன்.

இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

தங்கை


ஜூன் 1, ஞாயிறு

என் அன்புத் தங்கைக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

இந்த மூன்று வாரத்தில் நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதை நாளைக் காலைதான் தபாலில் எடுப்பார்கள், உனக்கு வந்து சேர ஐந்து நாள் ஆகும். நீ பத்து மணிக்கு அறுக்கப் போகிறாய். ஆகவே நாளைக் காலை நான் போன் செய்தாக வேண்டும். செய்வேனா என்று எனக்கே நிச்சயமில்லாததால்தான் எழுதிவைக்கிறேன்.

மரத்தைக் கொன்றவன் நான்.

உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். கிளை கூரை மேல் இருக்கிறது, தரை எழும்புகிறது, கதவு திறக்கவில்லை, தீப்பிடித்தால்கூட இவளை வெளியே எடுக்க முடியாது என்று. நீ அப்பாவைப் பற்றி எழுதினாய். உன் மேல் கை வைத்த மாதிரி என்றாய். அந்த மரத்துக்குக் கீழே படுத்திருந்தவள் இவள், நீ அல்ல. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் மார்ச்சில், மத்தியானம் தெரு ஓய்ந்திருக்கும் நேரம். இவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கடையில் டிரில் மெஷின் இரவல் வாங்கினேன். முழங்கால் உயரத்தில், சுற்றளவை நாடாவால் அளந்து, ஆறு துளை. ஒவ்வொன்றும் ஒரு சாண் ஆழம், கீழ்நோக்கிச் சாய்வாக. மருந்தை ஊற்றி, வாயை அரக்கால் அடைத்து, மேலே பட்டைத்தூளை அப்பினேன். ஆறாவது துளையில், கேட்டுக்கு நேர் எதிரே இருப்பது, துளை போடும் பிட் உள்ளேயே முறிந்துவிட்டது. அரைச் சாண் நீளம். கெட்டி எஃகு. இடுக்கியால் எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. அதோடு அடைத்துவிட்டேன்.

பட்டியலில் அதை எழுதினால் ஏன் துளை போட்டேன் என்பதையும் எழுத வேண்டும். எட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எழுதாமல் மடித்துக் கொடுத்துவிட்டேன். அந்த மூன்று விரலாலேயே அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது ஆணி மட்டும் நான் இல்லை. இவ்வளவையும் சொன்னவன் அதை ஏன் மறைக்கப் போகிறேன்?

அங்கே நிற்காதே. கெஞ்சிக் கேட்கிறேன், நிற்காதே.

அண்ணன்


ஜூன் 8

அண்ணா,

நான் உயிரோடு, முழுசாக இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிட்டேன், மூச்சு விடுங்கள்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். பட்டியலில் இருந்ததையும் அந்த ஒன்பதையும் முன்பே பிடுங்கிவிட்டு, திங்கட்கிழமை பத்துக்கு மெஷின் போட்டோம். நுனியிலிருந்து அடியை நோக்கி ரம்பம் போகும். முதல் வார் பலகையை எடுத்தாகிவிட்டது. வைரம் பாய்ந்த மரம், சாக்லேட் நிறம், பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. இரண்டாவது வாரில் பதின்மூன்று அடி போனபோது சிவப்பு பல்பு எரிந்தது. கணக்குப்பிள்ளை அன்று லீவு. எட்டு மெஷினை நிறுத்திவிட்டு, இந்த நேரத்தில் யார் என்று முணுமுணுத்துக்கொண்டு போனான். பத்து இருபத்தெட்டு. திரும்பி வந்து முதல் வாரின் மேலேயே சாக்பீஸால் எழுதினான். "அண்ணன். நிறுத்தச் சொல்றார். அழறார்."

வெள்ளிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. கேட்டுக்கு நேர் எதிர்த் துளையை உளியால் கொத்தித் திறந்தோம். பிட் கருத்துப்போய்க் கிடந்தது. சுற்றியுள்ள மரம் பேனா மை கொட்டின மாதிரி நீலமாகிவிட்டது. ரம்பம் போய்க்கொண்டிருந்த கோட்டுக்கு நேராக இருந்தது. இன்னும் ஒன்றரை அடி. ரம்பத்துக்கு அது நாலு மூச்சு.

இப்போது என் முறை. நீங்கள் மட்டும் மறைக்கவில்லை.

மார்ச்சிலேயே எனக்குத் தெரியும். பட்டையை உரித்தபோது ஆறு துளையையும் பார்த்தேன். வாயில் அரக்கு. கடிகார முகத்தில் எண் போட்ட மாதிரி சம இடைவெளி. உலகத்தில் ஒரு மரத்தைக் கொல்லும்போதுகூட நாடா வைத்து அளக்கிற ஆள் உங்களைத் தவிர வேறு யார்? உங்கள் வாயால் வரட்டும் என்று மூன்று மாதம் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரும்பு, பட்டியல், உயிர் என்றெல்லாம் எழுதியது பயமுறுத்தத்தான். துளைக்குள் கம்பி விட்டுப் பார்த்திருந்தேன். ஐந்து ஒரே ஆழம், ஆறாவது மட்டும் குறைவு. கை வலித்து அதோடு விட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். நினைத்துச் சிரித்தேன்கூட. எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற திமிர்.

நானே நிற்பேன் என்று எழுதியதும் பொய். நிற்பது எப்போதும் எட்டுதான். அன்றும் அவன்தான். போனை எடுக்கப் போகாமல் இருந்திருந்தால் அவன் இப்போது என்ன பேரோடு இருப்பான் என்று யோசிக்கவே முடியவில்லை.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் துளையை, என் தூண்டிலை. கேட்டுவிட்டுச் சாக்பீஸை எடுத்து எழுதினான். "உங்க குடும்பச் சண்டைக்கு என் மிச்ச விரல்தான் கிடைச்சுதா?" கையுறையைக் கழற்றி மரத்தின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். முப்பது வருடம் அண்ணா. என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து.

உங்கள் மூன்று கடிதத்தையும் எடுத்து மறுபடி படித்தேன். அண்ணி படுத்திருக்கிறார் என்று ஒவ்வொன்றிலும் இருக்கிறது. நான் மரத்தை மட்டும் படித்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள். நானும் உங்களை மன்னிக்கப் பார்க்கிறேன். அதற்கு இன்னும் கொஞ்சம் நாள் ஆகும்.

தங்கை


ஜூன் 20

அன்புள்ள அண்ணா,

நலம். மழை இரண்டு தூறலோடு நிற்கிறது. பாதி அறுத்த மரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருக்கிறேன்.

எட்டு வீட்டுக்கு நாலு தடவை நடந்தேன். மூன்று தடவை அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள், அவன் உள்ளேயிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாலாவது தடவை வெளியே வந்தான். நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி மெதுவாகப் பேசினான். "வர்றேன் அக்கா. ஆனா உங்க அண்ணன் வரணும். நான் நிக்கிற இடத்துல, என் பக்கத்துல நிக்கணும். அந்தப் பக்கம் நீங்க நிக்கணும். உள்ள இன்னும் ஏதாவது இருந்தா அப்போ வாய் தானா திறந்துக்கும்."

எனக்குக் கோபம் வரவில்லை. நியாயம் என்றே பட்டது.

என் மகள் பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறாள். அண்ணியை அவள் பார்த்துக்கொள்வாள், அவளுக்கு அது பழக்கம். நீங்கள் கிளம்பி வாருங்கள். இந்தக் கடிதத்தை அண்ணிக்கும் படித்துக் காட்டுங்கள், இனிமேல் இந்த வீட்டில் ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாதது வேண்டாம்.

ஆறு துளை விழுந்த அடிப்பக்கத்தை என்ன செய்வது என்று யோசித்தேன். உங்கள் வாசற்படிக்குச் சாய்வுப் பலகை ஆகும். நாற்காலி சுலபமாக இறங்கும். துளையை அடைக்க மாட்டேன், பார்த்துக்கொண்டே தள்ளுங்கள்.

தங்கை


ஜூன் 28

அன்புள்ள தங்கைக்கு,

உன் மகள் இன்று காலை ஏழு பத்துக்கு வந்து சேர்ந்தாள். வந்ததும் உன் அண்ணிக்குத் தலைவாரி விட்டாள். என்னைவிட நன்றாக வாருகிறாளாம். நான் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறுகிறேன். எட்டு எங்கே நிற்கச் சொல்கிறாரோ அங்கே நிற்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

நீ சொன்னபடி கடிதத்தை இவளுக்குப் படித்துக் காட்டினேன். எட்டின் நிபந்தனை வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்க... அங்க... நிக்கணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்த பக்கத்தைப் படிக்கப் போனேன், இடது கையால் கடிதத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பது ஆணி அவளுடையது.

ஐந்து வருடம் முன்பு, வாதம் வருவதற்கு முன்னால், நடமாடிக்கொண்டிருந்தபோது. கூரை மேல் வந்த கிளையைக் கண்டு அப்போதே பயமாம், ஆணி அடித்தால் மரம் பட்டுப்போகும் என்று யாரோ சொன்னார்களாம். நான் கடைக்குப் போன பிறகு ஜன்னல் பக்கம் நின்று தினம் ஒன்று அடித்திருக்கிறாள். மரம் அந்த வருடம்தான் வழக்கத்தைவிட அதிகமாகத் துளிர்த்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உனக்குப் பிடித்த மரம், எனக்கும் பிடிக்கும் என்று நினைத்து என்னிடம் சொல்லவில்லையாம். கிளைக்குப் பயந்தாலும் மரம் அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்து நான் அவள் தூங்கும்போது துளை போட்டிருக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு திருடர்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல். கொஞ்ச நேரம் இருவரும் அழுதோம், பிறகு சிரித்தோம். உன் மகள் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

உன் பட்டியலுக்காகக் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றேன். "அப்போ... நீங்க... நிக்கலையே" என்றாள்.

எட்டு பெரிய ஆள். அவர் சொன்னது சரியாகப் போயிற்று. இதை இன்றே தபாலில் போட்டுவிட்டு நேராக பூத்துக்குப் போய் போன் செய்கிறேன், இந்தத் தடவை தாமதிக்க மாட்டேன். நான் வரும்வரை ரம்பத்தின் பக்கம் யாரும் போகக் கூடாது. நீ எடுத்தது ஒன்பது. கடைசி நாட்களில் அடித்ததை வெளியே தெரியக் கூடாது என்று பழைய போல்ட் ஒன்றை வைத்து இன்னும் ஆழமாக உள்ளே இறக்கினாளாம். அந்தக் கருவியின் கண்ணுக்கு எட்டாத ஆழம். அத்தோடு சுத்தியல் பிடி உடைந்ததால் விட்டுவிட்டாள். அலமாரிக்கு ஆணி அடித்தபோது உடைந்தது என்று அன்று என்னிடம் சொன்னாள். நான்தான் புதுப் பிடி போட்டுக் கொடுத்தேன்.

மொத்தம் எத்தனை என்று கேட்டேன். வாயில் எண் வரவில்லை. நல்ல கையைத் தூக்கி ஐந்து விரலையும் காட்டினாள். மடக்கி, மறுபடியும் ஐந்து காட்டினாள். முடிந்தது என்று எழுந்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து இன்னும் ஒரு விரலைக் காட்டினாள்.

உன் அண்ணன்